நூற்றெட்டுப் புள்ளிக் குடம்

என் தங்கையைப் பெண் பார்க்க ஏழு வருடங்களில் பதினாறு வீட்டார் வந்துபோனார்கள். அதில் ஒரு வீட்டார் இரண்டு முறை வந்தார்கள். அதை ஒன்றாகவே கணக்கு வைத்திருந்தேன். பதினேழாவதாக வந்த திருமங்கலத்து வீட்டார் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். அந்தச் சம்பந்தத்தை நான் ஒரு குடத்தால் ஏறக்குறையக் கெடுத்துவிட்டேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு எதிரே வந்தால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் சமயநல்லூரில் குடியிருந்தேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கை என் பொறுப்பு. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்து நான்கு மாதம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். போக ஒரு பஸ், வர ஒரு பஸ். அவள் வீடு திரும்ப ஆறு ஐம்பதைத் தாண்டினால் நான் தெருமுனைக்குப் போய் நிற்பேன்.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு பெரிய சிலேட்டு அளவுதான் இருக்கும். டிவியில் சொருகினால் அதில் எழுத்து வரும். எழுதிய புரோகிராமைப் பாட்டு கேட்கிற டேப் ரெக்கார்டரில்தான் பதிந்து வைக்க வேண்டும். மறுபடி எடுக்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் அது கரண்ட் கம்பியில் சிக்கிய காக்காய் போலக் கத்தும். பத்து தடவையில் மூன்று தடவை கடைசி நிமிடத்தில் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

அந்தக் காலத்தில்தான் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது ஆரம்பித்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வீடியோ எடுக்க வந்த ஸ்டுடியோக்காரத் தம்பி, காமிராவை வைத்துக்கொண்டு கேட்டான்: "ஆரம்பத்துல பேரு போடணும்ண்ணே. சார்ட் அட்டையில எழுதிப் படம் பிடிக்கிறதா, இல்ல உங்க மிஷின்ல ஏதாச்சும் வருமா? மெட்ராஸ்ல எல்லாம் டிவியில சுத்துற மாதிரி போடுறாங்கண்ணே. நம்ம ஏரியாவுல ஒருத்தனும் போடல."

எனக்கு அந்த ஆசை வந்திருக்கக்கூடாது. பெண் வீட்டில் நகை குறைவு, நிலம் இல்லை. இது ஒன்றாவது இருக்கட்டுமே என்று தோன்றியது. ஒரு நிறைகுடம் திரையில் தானாகச் சுற்ற வேண்டும், கீழே மணமக்கள் பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் இருந்த பித்தளைக் குடத்தையே அளந்தேன். ஒன்பது உயரங்களில் குடத்தைச் சுற்றி நூலைப் பிடித்தாள் தங்கை. நான் நூலை ஸ்கேலில் வைத்துப் படித்தேன். ஒன்பது வளையம். ஒவ்வொரு வளையத்திலும் பன்னிரண்டு புள்ளி. மொத்தம் நூற்றெட்டு. மங்கலமான எண் என்றுதான் அப்படி வைத்தேன். புள்ளிகளைக் குறுக்கே இணைக்க நூற்றெட்டுக் கோடு, நெடுக்கே இணைக்கத் தொண்ணூற்றாறு. ஆக இருநூற்று நான்கு கோடுகள். கறுப்புத் திரையில் மஞ்சள் கோடுகளாலான குடம். முன்பக்கமும் தெரியும், அதற்குள்ளே பின்பக்கமும் தெரியும். இப்போது இதை வயர்ஃப்ரேம் என்கிறார்கள். நாங்கள் கம்பிக் குடம் என்றோம்.

அதைச் சுற்றவைப்பதுதான் பாடு. ஒரு படம் வரைய அந்த மிஷினுக்கு ஐம்பது விநாடி வேண்டும். வரைந்த படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காட்டலாம் என்றால், ஐந்து படத்துக்கு மேல் அதன் தலையில் ஏறாது. ஐந்து படத்தில் எப்படிக் குடத்தை முழுச் சுற்று சுற்றுவது? மூன்று நாள் யோசித்தேன். பிறகு பிடிபட்டது. பன்னிரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற குடம் முப்பது பாகை திரும்பினாலே பழைய குடம்தான். ஆறாறு பாகையாக ஐந்து படம் போதும். ஐந்தையும் திரும்பத் திரும்பக் காட்டினால் குடம் ஓயாமல் சுற்றும். மாவிலை வைத்தால் இந்த ஒழுங்கு கெடும், தேங்காய்க்கு வளையம் மிச்சமில்லை என்று இரண்டையும் விட்டுவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

மேலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றும்படிதான் எழுதினேன். இதைச் சத்தியம் செய்து சொல்வேன். மூன்று முறை காகிதத்தில் சரிபார்த்தேன்.

நிச்சயதார்த்த டேப்பை வீடியோத் தம்பி இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் திருமங்கலத்துக்குக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அன்று மாலையே மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. படம் ஆரம்பிச்ச உடனே ஒரு குடம் வருதுல்ல, அது என்ன குடம்?"

"நிறைகுடம்."

"நிறைகுடம்னா மாவிலை எங்க, தேங்கா எங்க? ஒடம்பு பூரா ஓட்டை ஓட்டையா இருக்கு. இங்கிட்டு இருந்து பார்த்தா அங்கிட்டுத் தெரியுது. அதுவும் எடப்பக்கமாச் சுத்துது. எங்க மதினி பார்த்த ஒடனே எந்திரிச்சுட்டாங்க. அவுக வீட்டுக்காரருக்குக் கொள்ளி வைக்கையில தோள்ல குடத்தோட சுத்துனாங்கள்ல, அந்தக் குடம்ங்கிறாங்க."

சுடுகாட்டில் கொள்ளி வைப்பவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு இடமாகச் சுற்றுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து குடத்தில் ஓர் ஓட்டை போடுவார்கள். மூன்று சுற்று, மூன்று ஓட்டை, பிறகு குடத்தைப் பின்னால் போட்டு உடைப்பான். அப்பாவுக்கு நான்தான் அப்படிச் சுற்றினேன். முதுகில் தண்ணீர் வழிந்தது நினைவிருக்கிறது. அப்படியிருந்தும் என் குடத்தில் இருந்த தொண்ணூற்றாறு கட்டங்களும் தொண்ணூற்றாறு ஓட்டைகளாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் மதினி என்றது மாப்பிள்ளையின் அத்தையை. தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அம்மாள்தான். அவர் சொல் இல்லாமல் அந்த வீட்டில் உலை வைக்கமாட்டார்கள்.

"அந்தக் குடத்தை அழிச்சிட்டு வேற டேப் கொடுத்துடுறேன்" என்றேன்.

"அதையும் கேட்டுட்டேன். குடத்தை எடுத்துப்புட்டா ஒடைச்ச கணக்காயிரும்ங்கிறாங்க. போட்ட குடத்தைச் சரியாப் போட்டுக் காமிக்கச் சொல்லுங்கிறாங்க. வெள்ளிக்கிழமை பத்திரிகை அடிக்கக் கொடுக்கணும். அதுக்குள்ள மனசு சமாதானம் ஆகலைன்னா..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரேன் வாத்தியாரே" என்று எழுந்துவிட்டார்.

அவர் போனதும் புரோகிராம் டேப்பைப் போட்டு டிவியில் பார்த்தேன். குடம் வலமாகத்தான் சுற்றியது. நிம்மதியாகக் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இடமாகச் சுற்றியது. டிவிக்குப் பக்கத்தில் போனேன். வலம். தங்கையைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றேன். "எந்தப் பக்கம்னு நெனச்சுப் பார்க்கிறேனோ அந்தப் பக்கம் சுத்துதுண்ணே" என்றாள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிகிற பொருளில் எது முன், எது பின் என்று கண்ணே முடிவு செய்கிறது. முன்னைப் பின்னாக எடுத்துக்கொண்டால் வலம் இடமாகிவிடும். கணக்கில் பிழை இல்லை. பார்க்கிற கண்ணுக்குள் பிழை. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். மொத்தம் பதினோரு பேர். ஆறு பேர் வலம் என்றார்கள், நான்கு பேர் இடம் என்றார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தலையைச் சுத்துது சார்" என்று போய்விட்டார்.

"ஊரைக் கூட்டிக் காமிங்க. நல்லா இருக்கும்" என்றாள் என் மனைவி.

இருந்தது ஐந்து நாள். பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பொய் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை. பின்பக்கத்துக் கோடுகளை மறைத்துவிட்டால் குடம் கெட்டியாகத் தெரியும், ஓட்டையும் போகும், சுற்றுவதும் ஒரே பக்கமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் நம்மைப் பார்த்திருக்கிறதா, எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பெருக்கல் இருக்கிறது. விடை கூட்டல் குறியோடு வந்தால் வரைய வேண்டும், கழித்தல் குறியோடு வந்தால் விட்டுவிட வேண்டும்.

திங்கள் மீதிப் பொழுது முழுக்க எழுதினேன். ஓட்டினால் கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய தோள்பட்டைக் கோடுகள் கழுத்தை ஊடுருவிக்கொண்டு முன்னால் வந்தன. கழுத்தில் கத்தி சொருகிய குடம். செவ்வாய் காலை அதைச் சரி செய்துகொண்டிருந்தபோது பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கரண்ட் போனது. டேப்பில் பதியவில்லை. அவ்வளவும் போயிற்று. பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. நான் முதல் வரியிலிருந்து தட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி போனது. அன்று நான் நடந்துகொண்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பித்தளைக் குடத்தைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். எறிந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். உடையவில்லை. விளிம்பில் ஒரு நசுங்கல், சுண்டுவிரல் நகம் அளவு.

புதன்கிழமை தங்கை லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ வாசி, நான் தட்டுறேன்" என்றாள். என்னைவிட நான்கு மடங்கு வேகம் அவளுக்கு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏண்ணே மேலே இருந்து பார்க்கிற மாதிரி போடுறே? குடத்துக்கு நேரா உக்காந்து பாரேன். கழுத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. நேர்மட்டத்தில் பார்த்தால் முன்பாதி எங்கேயும் தன்னைத்தானே மறைக்காது. கழுத்துப் பிரச்சினையே இல்லை. இருந்த ஒன்பது வளையங்களில் ஆறைக் குடத்துக்கும் மூன்றைத் தேங்காய்க்கும் பிரித்துக்கொண்டேன். புள்ளி நூற்றெட்டு மாறவில்லை. ஒரு படத்துக்கு இரண்டேகால் நிமிடம் ஆயிற்று. ஐந்தாவது படம் முடிந்து ஓடவிட்டபோது திரையில் தேங்காயோடு ஒரு கெட்டியான குடம் சுற்றியது. ஓட்டை இல்லை. கண்ணைக் கசக்கினேன். ஒரே பக்கம்தான் சுற்றியது. உடனே டேப்பில் இரண்டு முறை பதிந்தேன்.

வியாழன் மத்தியானம் அந்த அம்மாளே நேரில் வந்துவிட்டார், தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு. டிவிக்கு முன்னால் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் இரண்டு தடவை தப்புப் பட்டனை அமுக்கினேன். தங்கை வந்து சரியானதை அமுக்கிவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அவர் குடத்தை நான் எண்ணி நாற்பது சுற்று பார்த்தார்.

"ம். இப்பக் குடம் குடமாத் தெரியுது. தேங்காயும் இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா இன்னமும் எடப்பக்கமாத்தானே போகுது?"

"இல்லைங்கம்மா. வலம்தான். மேலே இருந்து பார்த்தா..."

"நான் மேல இருந்து பார்க்கலையே வாத்தியாரே. நாக்காலியில உக்காந்துல்ல பார்க்கிறேன். கோடெல்லாம் எந்தப் பக்கம் போகுது? எடது கைப் பக்கம் போகுது."

அவர் சொன்னதும் நிஜம். வலமாகச் சுற்றுகிற பொருளின் முன்பக்கம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இடது பக்கம்தான் நகரும். கம்பிக் குடத்திலாவது பாதிப் பேருக்கு அது தெரியாமல் இருந்தது. நான் கெட்டியாக்கி எல்லாருக்கும் தெரியும்படி செய்துவிட்டேன்.

பித்தளைக் குடத்தை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன். கழுத்தைப் பிடித்து வலமாகத் திருப்பினேன். "பாருங்கம்மா, இது வலம்தானே? ஆனா இந்த நசுங்கல் உங்களுக்கு எந்தப் பக்கம் போகுது? இடது பக்கம் போகுது பாருங்க."

"குடத்தை ஏன் நசுக்குனீங்க?" என்றார்.

"தேரை நினைச்சுப் பாருங்கம்மா. வலமாத்தானே வருது? தெற்குமாசி வீதியில கோயிலைப் பார்த்து நின்னா, உங்க வலது கைப் பக்கம் இருந்து வந்து இடது கைப் பக்கம்தானே போகும்?"

"தேரு எதுக்க வந்தா கண்ணை மூடிக் கும்பிடுவேன். எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கிட்டா நிப்பாங்க?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "நீங்க படிச்சவுக. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்கு எங்க வீட்டுக்காரரைச் சுத்துனதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. நான் என்ன செய்ய?" என்றார். தாய்மாமன் செருப்பைத் தேடுவது போல வாசலைப் பார்த்தார்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து தங்கை சொன்னாள்: "அண்ணே, மாத்திப் போடு."

மாற்றிப் போடுவது ஒரு நிமிட வேலை. படங்களை ஒன்று முதல் ஐந்து வரை காட்டு என்றிருந்த வரியை ஐந்து முதல் ஒன்று வரை காட்டு என்று மாற்றினால் போதும். அப்படி மாற்றினால் கோடுகள் வலது பக்கம் போகும், குடம் உண்மையிலேயே இடமாகச் சுற்றும். இந்த ஐந்து நாளும் எந்தப் பழியை இல்லை இல்லை என்று சொன்னேனோ, அதை என் கையாலேயே செய்ய வேண்டும். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. மாற்றினேன்.

"ஆங்... இப்பத்தான் சரியாச் சுத்துது" என்றார் அந்த அம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒங்கண்ணன் என்னைப் படுத்துனபாடு!" என்று சிரித்தார். இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். தாய்மாமன் இரண்டு டம்ளர் குடித்தார். வெள்ளிக்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போயிற்று.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகுதான் என் எண்ணிக்கை ஆரம்பித்தது. எட்டாவது மாதம் தங்கையின் மாமியார் வழுக்கி விழுந்தார்: ஒன்று. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் எரிந்தது: இரண்டு. முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது: மூன்று. மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது: நான்கு. ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு வரி என் கண் முன்னால் வந்து நின்றது. வகுப்பில் கரும்பலகையில் வட்டம் போட்டால்கூட எந்தப் பக்கமாகச் சுண்ணாம்புக் கட்டி போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாவது கருவும் கலைந்தது என்று கடிதம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஏறித் திருமங்கலம் போனேன்.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். மெலிந்திருந்தாள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், "என்னண்ணே இந்த நேரத்துல? பள்ளிக்கூடம் இல்லையா?" என்றாள். தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையம்மாவை ஏமாற்றியதை, குடம் உண்மையில் எந்தப் பக்கம் சுற்றியது என்பதை, நான் எண்ணி வைத்திருக்கும் ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. நீ பித்தளைக் குடத்தைச் சுத்திக் காமிச்சப்ப அடுப்படி வாசல்ல நின்னு நானும்தானே பார்த்தேன்" என்றாள்.

"தெரிஞ்சுமா மாத்தச் சொன்னே?"

"பத்தொன்பதாவது தடவை போயி உக்கார என்னால முடியாதுண்ணே."

"பதினெட்டு" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பதினாறு வீடு. இவங்க பதினேழு. அடுத்தது வந்திருந்தா பதினெட்டு."

"ரெண்டு தடவை வந்தானே ஒருத்தன், அவனை நீ ஒண்ணாத்தான் எண்ணுவே. உக்காந்தது நானு" என்றாள். பிறகு உளுந்தைப் புடைத்தாள். தோல் எல்லாம் என் பக்கம் வந்து விழுந்தது.

மூன்று நாற்பது பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் பதினேழு என்று மனதில் வைத்திருந்ததைப் பதினெட்டு என்று திருத்திக்கொண்டேன். மற்ற எண்ணிக்கையை என்னால் நிறுத்த முடியவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று தந்தி வந்தபோதும், முதலில் தேடியது அதில் ஆறாவதாக எண்ண ஏதாவது இருக்கிறதா என்றுதான்.